பாவாத்தாள் நங்கை கட்டிய கொட்டகை

என் மூத்த பேரன் கோயமுத்தூரில் இன்ஜினியரிங் முடித்து, பம்பு செய்கிற கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். அவனுக்கு இளையவள் சி.ஏ. படிப்பில் முதல் பரீட்சை தேறிவிட்டாள். எங்கள் குடும்பத்தில் அந்தப் படிப்புக்குப் போனது அவள்தான் முதல். தொண்டாமுத்தூரில் இருக்கும் மகள் வயிற்றுப் பேரன் மாவட்ட ஓட்டப் பந்தயத்தில் கோப்பை வாங்கி வந்தான். கடைக்குட்டி பள்ளி ஆண்டு விழாவில் மைக்கைப் பிடித்துப் பயமில்லாமல் பேசியிருக்கிறாள். அன்றைக்குக் காலையில் இதையெல்லாம் படத்தோடு இந்த வாட்ஸ்அப் குழுவில் போடச் சொல்லி, சி.ஏ. படிக்கிறவளை உட்கார வைத்து ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். நல்ல சேதி என்றால் நம் வீடுகளில் குடியிருந்தவர்களுக்குச் சொல்லாமல் எனக்கு இருப்புக்கொள்ளாது. கோப்பை வரைக்கும் வந்தபோது போன் அடித்தது. கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் இருந்து சிவக்குமார்.

"அத்தை, அம்மா போயிட்டாங்க."

பின்னால் யாரோ டோக்கன் நம்பர் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. பேத்தி டைப் அடித்ததையெல்லாம் அழித்துவிட்டுப் போனைக் கீழே வைத்தாள்.

சிவக்குமாரின் அம்மா பாவாத்தாள் என் வீட்டுக்காரருடைய அக்கா. எங்கள் பக்கத்தில் அந்த முறைக்கு நங்கை என்போம். நான் வாழவந்த நாள் முதல் அப்படித்தான் கூப்பிட்டேன். உங்களுக்கெல்லாம் அவர் வீட்டுக்காரம்மா. பல்லடத்தில் இருந்து உள்ளே தள்ளி, பஸ்சை விட்டு இறங்கினால் கோழிப்பண்ணை வாசம் அடிக்கிற ஊரில், தறி ஓடிக்கொண்டிருந்த இடத்தில் மூன்று மாடி எழுப்பி வாடகைக்கு விட்டவர். தறி நின்றுபோன பிறகு, இடத்தை விற்றுவிட்டுத் தன்னோடு வந்துவிடும்படி சிவக்குமார் கூப்பிட்டான். மகன் வீட்டு மூலையில் உட்கார்ந்து டி.வி. பார்க்க அவருக்கு மனமில்லை. கட்டியே தீருவேன் என்று கட்டினார். கட்டி முடித்தும் கேட்டில் தொங்கிய 'டூ லெட்' அட்டை வெயிலில் வெளுத்ததே தவிர, ஆள் வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சிவக்குமார் வந்து யோசனை சொன்னான். லிப்ட் வைக்கலாம், கீழே ஒரு ஜிம் வைக்கலாம், கோயமுத்தூரில் அதற்குத்தான் ஆள் வருகிறது என்றான்.

"பகலெல்லாம் தறி ஓட்டிப்போட்டு வர்றவனுக்கு ஜிம்மு எதுக்கு சாமி?" என்றார் நங்கை. "அவன் கையுங்காலும் ஏற்கெனவே பிஞ்சுதான் கெடக்குது."

மறுவாரம் என்னையும் கூட்டிக்கொண்டு சந்தைக்குப் போனார். காய் வாங்க அல்ல. தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் நேராகப் போய், "ஏனுங் அம்மணி, வாடகை ஊட்டுல உங்குளுக்கு எது இல்லீன்னு அழுவாச்சி வருது?" என்று கேட்டார். அந்தப் பெண் எங்கள் இருவரையும் ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஆணிங்க."

"ஆணியா?"

"சாமி படம் மாட்ட ஒரு ஆணி அடிச்சா ஊட்டுக்காரரு சண்டைக்கு வந்தர்றாருங்க. குடி வந்ததுல இருந்து எங்கூட்டு முருகன் அட்டப்பொட்டிக்குள்ளதான் இருக்கறாருங்க."

நங்கை சிரித்த சிரிப்பில் தக்காளிக்காரரும் சிரித்துவிட்டார். அந்த வாரமே ஆசாரியை வரவழைத்தார். ஒவ்வொரு அறையிலும் கைக்கு எட்டும் உயரத்தில் சுவரோடு ஒரு மரச்சட்டம். சாமி, காலண்டர், கல்யாணப் போட்டோ, எதை வேண்டுமானாலும் அதில் அடித்துக்கொள்ளலாம். ஆசாரி வந்ததுதான் வந்தார் என்று சமையலறை ஜன்னலுக்கெல்லாம் வலை அடிக்கச் சொன்னார். கோழிப்பண்ணை ஈயை நம்மால் ஒழிக்க முடியாது, சோற்றில் உட்காராமல் தடுக்கலாம் என்றார். கூடத்து மேற்கூரையில் தொட்டில் கட்டக் கொக்கி போட்டுக்கொடுத்தார். எதுவும் பெரிய செலவில்லை. ஆனால் சந்தையில் பேச்சுப் பரவியது. முதலில் குடி வந்தது தர்மபுரிப் பக்கத்துக்காரர்களான முருகேசனும் செல்வியும், பள்ளிக்கூடம் போகிற அவர்களுடைய மகளும். பின்னாலேயே நீங்கள் ஒவ்வொருவராக வந்தீர்கள். மேல்மாடி மட்டும் நிறையாமல் இருந்தது.

அடுத்து நடந்தது உங்களுக்குத் தெரியும். நான் அன்று தொண்டாமுத்தூரில் மகள் வீட்டில் இருந்தேன். நங்கை தன் வாயாலேயே எனக்குச் சொன்னதை, உங்களுக்கும் சொன்னதை, அப்படியே எழுதுகிறேன். செத்தவர்களைப் பற்றி நல்லதை மட்டும்தான் எழுத வேண்டும் என்பார்கள். இதை விட்டுவிட்டு எழுதினால் அது நங்கையைப் பற்றி எழுதியதாகாது.

தறியில் நின்றிருந்த முருகேசனுக்கு நெஞ்சுவலி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மத்தியானம் உடம்பாகத்தான் திரும்பி வந்தார். ஆம்புலன்ஸ் வந்து கேட்டுக்கு முன்னால் நின்றதும் நங்கை போய்க் கேட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"அம்மணி, இப்பத்தான் பால் காச்சுன ஊடு. மேல இன்னும் ஆள் வரலை. இங்க வெச்சா இனி ஒருத்தரும் குடி வரமாட்டாங்க. நேரா மயானத்துக்குக் கொண்டுபோயிருங்க சாமி."

நம் பக்கத்தில் வீடு வாடகைக்கு விடுகிறவர்கள் எல்லோரும் சொல்வதுதான் இது. குடியிருப்பவர்களும் தெரிந்துதான் வருகிறார்கள். செல்வி சண்டை போடவில்லை. வண்டியில் இருந்து இறங்கி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"உள்ள அவரு வேட்டி ஒண்ணு தொவச்சு வெச்சிருக்கேன். அத மட்டும் எடுத்துட்டு வந்துரட்டுங்களா?"

நங்கை கேட்டை ஓர் ஆள் நுழையுமளவு திறந்துவிட்டார். செல்வி வேட்டியை எடுத்து வந்தாள். மகள் யூனிபாரத்தோடு பள்ளிக்கூடத்தில் இருந்து வந்து ரோட்டில் நின்றுகொண்டிருந்தாள். டீக்கடையில் இருந்து குடத்தில் தண்ணீர் வாங்கி, லாரி போகிற ரோட்டோரத்தில் வைத்துக் குளிப்பாட்டினார்கள். பெண்கள் சேலையைப் பிடித்து மறைத்துக்கொண்டார்கள். மாடியில் இருந்து நீங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

காரியம் முடிந்ததும் செல்வி வீட்டைக் காலி செய்தாள். அடுத்து இரண்டாம் மாடிக்காரர்கள். அப்புறம் அவர்களுக்கு எதிர்வீடு. வீட்டில் சாவு வாசம் பட்டுவிட்டது என்று பயப்படுகிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்து நங்கை ஐயரை வரவழைத்து ஹோமம் செய்தார். ஹோமப் புகை அடங்குவதற்குள் இன்னொரு குடும்பம் சாமான் கட்டியது. வயதான மாமியாரை வைத்துக்கொண்டிருந்த குடும்பம். மாமியாரைக் கைத்தாங்கலாக ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்த மருமகளிடம், "ஏஞ் சாமி, பயமா இருக்குதா?" என்று கேட்டார் நங்கை.

"பயமெல்லாம் இல்லீங்க. நாளைக்கு எங்கத்தைக்கு ஒண்ணு ஆனா ரோட்டுலதான வெக்கோணும்? கொஞ்சம் பெரிய மனசு இருக்கற ஊடாப் பாத்துப் போறமுங்க."

அன்றைக்கு நங்கை என் வீட்டுக்கு வந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. "சாவு வந்துருமோன்னு அவங்க பயப்படலை அம்மணி. என்னப் பாத்துத்தான் பயப்பட்டிருக்கறாங்க" என்று மட்டும் சொன்னார்.

அதற்கப்புறம் கட்டியதுதான் கேட்டுக்குள்ளே வேப்பமரத்தடியில் இருக்கும் கொட்டகை. மேலே தகரம், கீழே சிமெண்டுத் தரை, ஒரு குழாய், உட்கார இரண்டு பெஞ்சு, ஆணோ பெண்ணோ, உடம்பைக் குளிப்பாட்ட ஒரு மறைப்பு. ஜன்னல் வலைக்கு ஆனதைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். வீடு பார்க்க வருகிறவர்களை முதலில் அங்கேதான் கூட்டிப்போவார். முருகேசனுக்குத் தான் செய்ததைச் சொல்வார். "இப்பிடிப் பண்ணுனவதான் நானு. இனி இங்க குடியிருக்கற யாரையும் ரோட்டுல வெக்க உடமாட்டேன். புடிச்சா வாங்க" என்பார். அதற்குப் பிறகுதான் மரச்சட்டத்தையும் தொட்டில் கொக்கியையும் காட்டுவார். சிலர் முகத்தைச் சுளித்துக்கொண்டு அப்படியே திரும்பிப் போனதுண்டு. வீட்டில் வயசாளிகள் இருந்தவர்கள் போகவில்லை. பெட்டியை இறக்கினார்கள். போனவர்களில் சிலர்கூடத் திரும்பி வந்தார்கள்.

ஊர் சும்மா இருக்குமா? டீக்கடைக்காரர் அவரை நிறுத்தி வைத்துக்கொண்டு கேட்டார்.

"ஏனுங்கக்கா, மகன் லிப்ட் வெக்கச் சொன்னா நீங்க பாடை வெக்கற எடம் கட்டியிருக்கறீங்களாமா? இதச் சொல்லியா ஆள் புடிக்கறீங்க?"

"லிப்டுல மேல போனவனையும் கடைசீல கீழ எறக்கித்தானுங்க ஆகோணும்" என்றார் நங்கை. "அன்னிக்கு ஒரு கொடம் தண்ணி குடுத்த புண்ணியவான் நீங்க. உங்குளுக்கும் அங்க எடம் உண்டு, போங்க."



கொட்டகையில் முதன்முதலில் கிடத்தியது மூன்றாம் மாடிக்காரருடைய தாயாரை. உசிலம்பட்டிப் பக்கத்தில் இருந்து சொந்தங்கள் வந்து சேரும் வரைக்கும் உடம்பு அங்கேதான் இருந்தது. நங்கை பெஞ்சில் உட்காரவே இல்லை. வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டும், குழாயை மூடித் திறந்துகொண்டும் நின்றார். உடம்பை எடுத்த பிறகு தரையைத் தானே கழுவினார். நான் துடைப்பத்தை வாங்கப் போனபோது தரவில்லை.

செல்வியைப் பார்க்கத் தர்மபுரிக்கு நாங்கள் இருவரும் பஸ்சில் போனோம். பூவோ பழமோ வாங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். செல்வி அண்ணன் வீட்டில் இருந்தாள். எங்களைக் கண்டதும் பாயை விரித்துப் போட்டு, சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

"தப்புப் பண்ணிப்போட்டேன் சாமி" என்றார் நங்கை. கொட்டகை கட்டியதைச் சொல்லவில்லை. சொன்னால் கணக்குத் தீர்க்க வந்த மாதிரி ஆகிவிடும் என்று வழியிலேயே என்னிடம் சொல்லியிருந்தார்.

செல்வி சொம்பை நங்கையின் பக்கம் நகர்த்தி வைத்தாள். பிறகு, "தண்ணி குடிங்க. பஸ்சுக்கு நேரமாயிரப் போகுது" என்றாள்.

திரும்பி வரும்போது சேலம் தாண்டும் வரைக்கும் நங்கை ஜன்னல் கம்பியைப் பிடித்தபடியே இருந்தார். அப்புறம் சொன்னார்: "வாய்க்கு வந்தபடி திட்டியிருந்தா நல்லாருந்திருக்கும் அம்மணி."

கடைசி வருஷம் அவருக்கு மூச்சு முட்டல். ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் சிவக்குமாரையும் என்னையும் கூப்பிட்டு, தன்னைச் சொந்த வீட்டுக் கூடத்தில் வைக்கக் கூடாது, கொட்டகையில்தான் வைக்க வேண்டும் என்றார். சிவக்குமாருக்குப் பொறுக்கவில்லை.

"சொந்த ஊடு இருக்கறப்ப ஊர்ல என்ன பேசுவாங்கம்மா?"

"வாடகைக்காரங்களுக்கு மட்டும்னு ஒரு எடத்தக் கட்டியுட்டா அது ஒதுக்குன எடமாத்தான் இருக்கும் சாமி. ஊட்டுக்காரியும் அங்க படுத்தாத்தான் அது எல்லாருக்கும் பொதுவான எடம்."

அப்படியே செய்தோம். சொந்தக்காரர்களில் சிலர் உள்ளே வராமல் கேட்டுக்கு வெளியே நின்றுவிட்டுப் போனார்கள். நீங்கள் வந்தீர்கள். காலி செய்து வேறு ஊருக்குப் போனவர்களும் வந்தீர்கள். கூட்டத்தில் நான் ஒரு முகத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். அந்த முகம் வரவில்லை. வராததில் எனக்கு வருத்தமும் இல்லை, குறையும் இல்லை.

நங்கையிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது அவருடைய சேலையோ வெற்றிலைப் பெட்டியோ அல்ல. செய்ததை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் தானே சொல்லிவிடுகிற அந்த வாயைத்தான். எனக்கு அது இன்னும் முழுசாக வரவில்லை. பேரன் பேத்திகள் பெருமையைச் சொல்லத்தான் என் வாய் பழகியிருக்கிறது. இன்னொன்றும் அவருடையது என்னிடம் இருக்கிறது. அதைச் சொல்லி முடிக்கிறேன்.

செல்வி, மோட்டார் எப்போது போடுவார்கள் என்று கேட்பதற்காக ஆரம்பித்த இந்தக் குழுவில் இருந்து நீ மட்டும் விலகவே இல்லை. காலி செய்து போன பிறகு ஒரே ஒரு தடவை, ஒரு வார்த்தை எழுதாமல், உன் மகள் நர்சிங் கல்லூரியில் சேர்ந்த நாள் படத்தைப் போட்டாய். நங்கையிடம் இருந்தது பட்டன் போன். என் வீட்டுக்கு வந்து, என் போனை வாங்கி, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "அந்தப் புள்ளைதான? யூனிபாரத்தோட நின்னதே, அதேதான?" என்று கேட்டார். அதற்கப்புறம் எப்போது வந்தாலும் உட்காருவதற்கு முன்னால், "செல்வி புதுசா ஏதாச்சும் போட்டிருக்கறாளா அம்மணி?" என்பார். ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் அதைத்தான் கேட்டார். இல்லை என்றேன். "சரி, படிப்பு வேலையா இருக்கும்" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

நீ அவரை மன்னிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அது என் வாயால் கேட்கிற விஷயமும் இல்லை. இந்த வாசலுக்கு வா என்றும் சொல்லமாட்டேன். ஆனால் அவர் பார்த்த படம் பழசாகிவிட்டது. பிள்ளை இப்போது வளர்ந்திருக்கும், வார்டுக்குப் போக ஆரம்பித்திருக்கும். புதுப் படம் ஒன்று இருந்தால் போடு கண்ணு. முன்னைப் போலவே ஒரு வார்த்தையும் எழுத வேண்டாம். அவருக்காக நான் பார்த்துக்கொள்கிறேன்.