கேமராவுக்குக் காது இல்லை

அஞ்சலாட்சி டீச்சரின் குரலை அறியாதவர்கள் அந்தத் தெருவிலேயே இல்லை. முத்தியால்பேட்டை மணிக்கூண்டைத் தாண்டியிருக்கும் தனியார் பள்ளியின் மாடியில் அவள் அறிவியல் நடத்தினால், கீழே இளநீர் வெட்டுகிறவருக்கும் பாடம் கேட்கும். "இன்னிக்கு ரத்த ஓட்டம் முடிச்சிட்டீங்க போலருக்கே டீச்சர்" என்று சாயங்காலம் அவர் கேலி செய்வார். அவளும் சிரித்துக்கொண்டே கடலோரக் குருசுக்குப்பத்தில் இருக்கும் வீட்டுக்கு நடப்பாள்.

அங்கே மாடி வீட்டில் அவளுக்காகக் காத்திருந்தவர் யாருமில்லை. வரன் வந்து வந்து தட்டிப்போய், ஒரு கட்டத்தில் வருவதும் நின்றுவிட்டது. அம்மா கண்ணை மூடிய பிறகு, அந்த வீட்டில் மனிதக் குரல் கேட்பது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும்தான். பிரான்சில் குடும்பத்தோடு இருக்கும் தம்பி ஹரிகிருஷ்ணன் அப்போதுதான் போன் செய்வான். மற்றபடி அவள் பேச்செல்லாம் பள்ளிக்கூடத்தில்தான். பேசித் தீர்த்துவிட்டு வந்து, பேச்சில்லாத வீட்டில் படுத்துக்கொள்வாள்.

புதிய பிரின்சிபாலாக புருஷோத்தமன் வந்த பிறகுதான் எல்லாம் தலைகீழானது. அவர் தாளாளரின் மருமகன். அதற்கு முன்னால் கார் ஷோரூம் ஒன்றில் மேனேஜராக இருந்தவர். வந்த வாரமே வகுப்புகளிலிருந்து ஆசிரியர் நாற்காலிகளை அப்புறப்படுத்தச் சொன்னார். உட்கார்ந்தால் சோம்பல் வருமாம். அடுத்து வகுப்புக்கு வகுப்பு கேமரா மாட்டினார். விலை குறைந்த கேமரா என்பதால் படம் மட்டும்தான் வரும், சத்தம் வராது. தன் அறையில் பெரிய டிவி வைத்து, காலையிலிருந்து மணி அடிக்கும்வரை அதையே பார்த்துக்கொண்டிருப்பார். யாராவது சுவரில் சாய்ந்தால், அந்தப் படம் ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்துவிடும்.

அவமானம் தாங்காமல் சிலர் வேலையை விட்டுப் போனார்கள். அவர்களுக்குப் பதில் ஆள் போடவில்லை. பத்தாம் வகுப்பின் இரண்டு பிரிவுகளையும் ஒரே ஹாலில் அடைத்து அஞ்சலாட்சியிடம் கொடுத்தார்கள். கடைசி பெஞ்சுவரை கேட்க வேண்டுமே என்று அவள் கத்தினாள். நின்றுகொண்டே கத்தினாள். தீபாவளி மழையோடு தொண்டை கட்டியது. மழை விட்டும் தொண்டை விடவில்லை.

டாக்டரம்மா குழாய் விட்டுப் பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னார். "குரல் நாண்ல வீக்கம் இருக்கும்மா. ஒரு மாசம் வாயே தொறக்கக் கூடாது. இப்படியே கத்திக்கிட்டிருந்தீங்கன்னா அந்தப் பழைய குரல் திரும்பி வராமலே போயிடலாம். வீட்லயும் பேசாதீங்க. யாராவது கூப்பிட்டா சைகை காட்டுங்க."

வீட்டில் யார் கூப்பிடப் போகிறார்கள்? அஞ்சலாட்சிக்குச் சிரிப்பு வந்தது. ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டுவதற்குள் அந்தச் சிரிப்பு கண்ணீராகிவிட்டது.

மறுநாள் லீவு கேட்டு நின்றாள். புருஷோத்தமன் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மாடல் தேர்வு முடியட்டும், அதுவரை சுடுதண்ணீர் குடித்துக்கொண்டு மெதுவாகப் பேசுங்கள் என்றார். அனுமதி இல்லாமல் லீவு போட்டால் திரும்பி வரவேண்டாம் என்பதையும் சிரித்த முகத்தோடு சொல்லி அனுப்பினார்.

அந்தப் பிள்ளைகளை நடுவில் விட்டுப் போகவும் அவளுக்கு மனம் வரவில்லை. ஒரு வழி கண்டுபிடித்தாள். கரும்பலகையில் எழுதிப் போட்டாள். வரிசை வரிசையாகப் பிள்ளைகளே எழுந்து உரக்கப் படித்தார்கள். தப்பாகப் படித்தால் மேசையைத் தட்டினாள். சரியென்றால் தலையசைத்தாள். பாடம் நன்றாகவே நடந்தது. ஆனால் இடைவேளையில் குழுவைத் திறந்தபோது அவள் படம் அதில் இருந்தது. உதடுகள் மூடியபடி நிற்கும் படம். 'சம்பளம் வாங்குவது வேடிக்கை பார்க்கவா?' என்று கீழே ஒரு வரி. பாதிப் பேர் கட்டைவிரலை உயர்த்தியிருந்தார்கள். பாவம், அவர்களுக்கும் வேலை வேண்டுமே.

அன்று பிற்பகல் அஞ்சலாட்சி ஒரு காரியம் செய்தாள். வகுப்பில் நின்று, கேமராவைப் பார்த்து வாயை அசைத்தாள். கையை ஆட்டினாள். புருவத்தை உயர்த்தினாள். சத்தம் மட்டும் வரவில்லை. பிள்ளைகள் முதலில் திகைத்தார்கள். பிறகு முன் வரிசைப் பெண்ணொருத்தி புரிந்துகொண்டு, "மிஸ், நீங்க நடிங்க, நாங்க டப்பிங் பேசுறோம்" என்றாள். வகுப்பே சிரித்தது. அஞ்சலாட்சியும் சிரித்தாள். அவள் வாயசைக்க, ஒவ்வொரு வரிசையாகப் புத்தகத்தைப் படித்தார்கள். நாளாக நாளாகச் சிரிப்பு நின்றுபோனது. ஊமைபோல் உதட்டை அசைத்துக்கொண்டிருக்கும் டீச்சரை நிமிர்ந்து பார்க்க அந்தப் பிள்ளைகளுக்குச் சங்கடமாக இருந்தது.

அந்த நாட்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி போன் செய்தான். "ஹரி" என்றாள். வெறும் காற்றுதான் வந்தது.

"அக்கா, கேக்குதா? இருக்கியா?"

மறுபடியும் முயன்றாள். தொண்டை எரிந்தது.

"சே, நெட்வொர்க் சரியில்ல. அடுத்த வாரம் போடுறேங்க்கா" என்று வைத்துவிட்டான்.

வாரத்துக்கு ஒருமுறை கேட்கும் அந்தக் குரலும் போயிற்று.

மாதக் கூட்டம் வந்தது. ஹாலில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். பிரின்சிபாலுக்கும் தாளாளருக்கும் மட்டும். ஆசிரியர்கள் சுவரோரமாக நின்றார்கள். புருஷோத்தமன் திரையில் ஒரு வீடியோவைப் போட்டார். அஞ்சலாட்சி வாயசைக்கிறாள், கையை ஆட்டுகிறாள். "பாருங்க, இதான் எனர்ஜி. ஒரு வார்த்தை சொன்னேன், எப்படி மாறிட்டாங்க பாருங்க" என்று மாமனாரிடம் பெருமையாகச் சொல்லிவிட்டு மைக்கை அவளிடம் நீட்டினார். எல்லோருக்கும் ரெண்டு வார்த்தை சொல்லுங்க என்றார்.

அவள் மைக்கைப் பிடித்தாள். உண்மையாகவே பேச வாயைத் திறந்தாள். திரையில் இருந்த அஞ்சலாட்சியும் நேரில் நின்ற அஞ்சலாட்சியும் ஒரேமாதிரி உதட்டை அசைத்தார்கள்.

புருஷோத்தமன் மைக்கை வாங்கித் தட்டினார். ஊதினார். "இந்த மைக்க மாத்துங்கன்னு எத்தன தடவ சொல்றது" என்று அலுவலக ஆளைக் கடிந்துகொண்டார்.

சுவரோரக் கடைசியில் பிரெஞ்சு வாத்தியார் யாகூப் நின்றிருந்தார். பிள்ளைகளுக்கு அவர் 'மிசியே', பிரெஞ்சில் ஐயா. எப்போதும் தமாஷ் பேசுகிறவர், அன்று தமாஷ் பேசவில்லை. "மைக்கு நல்லாத்தான் சார் இருக்கு. அவங்களுக்குத்தான் குரல் போயிடுச்சு. இங்க எல்லாருக்கும் தெரியும், உங்களுக்குத்தான் தெரியாது" என்றார்.

யாராவது இன்னொருவர் வாயைத் திறப்பார்கள் என்று அஞ்சலாட்சி சுற்றிலும் பார்த்தாள். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். குரல் இருந்த அத்தனை பேரும் தன்னைப்போலவே நிற்பது அப்போது அவளுக்குத் தெரிந்தது. மைக்கை மேசைமேல் வைத்தாள். காலியாக இருந்த பிரின்சிபாலின் நாற்காலியில் ஒரு நிமிஷம் உட்கார்ந்தாள். கால் வலி இறங்கியது. பிறகு எழுந்து, கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள். எங்கே போறீங்க என்று அவர் கேட்டது முதுகில் விழுந்தது. பதில் சொல்லக் குரலும் இல்லை, விருப்பமும் இல்லை.

வேலை போனதை அவளுக்குப் போன்தான் சொன்னது. மறுநாள் குழுவில் அவள் பெயர் இல்லை. பிள்ளைகளை நினைத்து மட்டும் அழுதாள்.

அந்த மாதம் எப்படிப் போயிற்று என்று கேட்டால், அலைச் சத்தத்தில் போயிற்று என்றுதான் சொல்ல வேண்டும். விடிந்ததும் கடற்கரைக்குப் போவாள். மீன்காரம்மா, "என்னா டீச்சர், மௌனவிரதமா?" என்பாள். அஞ்சலாட்சி விரலைக் காட்டிப் பேரம் முடிப்பாள். ஒரு சாயங்காலம் யாகூப் வீட்டு பிரியாணி டப்பா வாசலில் இருந்தது. திறந்து தனியாகச் சாப்பிட்டாள். தம்பிக்கு மட்டும் ஒரு செய்தி அனுப்பினாள்: 'அன்னைக்கு நெட்வொர்க் நல்லாதான் இருந்துச்சு ஹரி. குரல்தான் இல்ல. நீ பேசு, நான் கேக்குறேன்.'

ஞாயிறுதோறும் அவன் பேசினான். பேச விஷயம் தீர்ந்துபோனால் போனை அடுப்படியில் வைத்துவிட்டு வேலை பார்த்தான். பாத்திரச் சத்தமும் குழந்தையின் பிரெஞ்சு மழலையும் கேட்டபடி இருந்தன. நடுநடுவே "அக்கா, இருக்கியா?" என்பான். அவள் நகத்தால் போனைத் தட்டுவாள்.

டாக்டரம்மா சொன்ன ஒரு மாசக் கெடு முடிந்த ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான் கேட்டான்.

அவள் தட்டவில்லை. மூச்சை இழுத்தாள். தெருவுக்கே கேட்ட அந்தக் குரல் இல்லை அது. கரகரத்து, பாதி உடைந்து, பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கக்கூடியது. இனி அவ்வளவுதான் போலிருக்கிறது.

"இருக்கேன்டா."

அந்தப் பக்கம் பாத்திரச் சத்தம் நின்றது.

"இன்னிக்கு நெட்வொர்க் நல்லாருக்குக்கா" என்றான் ஹரி. இப்போது அவன் குரல்தான் சரியாகக் கேட்கவில்லை.