பரணில் ஏறிய ஸ்வெட்டர்கள்

ஐம்பத்தெட்டாம் வருஷம் ஆடி முதல் வாரத்தில் என் அக்காவின் மூன்று பவுன் சங்கிலி பழனி அடிவாரத்து அடகுக்கடைக்குப் போனது. அந்தப் பணத்தில் மச்சான் ஒரு வருஷத்துக்கு வேண்டிய கம்பளி நூலை ஒரே தடவையில் வாங்கிக் கொடைக்கானல் வீட்டில் இறக்கினார். சீசனுக்கு வருகிறவர்களிடம் ஸ்வெட்டர் விற்பது அவர் தொழில். விற்பனை சித்திரை, வைகாசி இரண்டே மாதம்தான்.

பின்னுவதற்கு இரண்டு பெண்கள் இருந்தார்கள். மாதம் இருபது ஸ்வெட்டர், கூடவும் கூடாது, குறையவும் கூடாது என்பது மச்சானின் திட்டம். கடைசி நேரத்தில் கூப்பிட்டால் அவர்கள் வட்டக்கானல் விடுதி வேலைக்குப் போய்விடுவார்கள் என்றார். அதில் நியாயம் உண்டு. ஆனால் ஆடியில் பின்னியது சித்திரை வரை சும்மா இருக்கும், வட்டி சும்மா இருக்காது. மூன்று முறை விளக்கினேன். நூலையாவது பாதிப் பாதியாக வாங்கியிருக்கலாமே என்றேன்.

"மாப்ள, நீங்க புஸ்தகம் படிக்கிற ஆளு. சோலி என்னான்னு எனக்குத் தெரியும்" என்றார்.

ஐப்பசி அடைமழையில் அலமாரிக்குள் பூஞ்சை பிடித்தது. வீட்டில் ஈரம் ஏறாத இடம் அடுப்புக்கு மேலே உள்ள பரண் ஒன்றுதான். அங்கே எங்கள் பள்ளங்கித் தோட்டத்துப் பூண்டு புகையில் காய்ந்துகொண்டிருந்தது. மச்சான் ஸ்வெட்டர்களை அதன் பக்கத்திலேயே அடுக்கினார். பிறந்ததிலிருந்து பூண்டோடு இருக்கிற எங்களில் ஒருவர் மூக்குக்கும் அது உறைக்கவில்லை. நாள் தவறாமல் எல்லாவற்றையும் குறித்துவைக்கிற எனக்கும்தான்.

சித்திரையில் ஏரிக்கரையில் கடை விரித்தோம். மதராஸ்காரர் ஒருவரின் மனைவி ஊதா ஸ்வெட்டர் ஒன்றை எடுத்து, விலைகூடப் பேசிவிட்டார். முகத்தருகே கொண்டுபோனதும் கணவரிடம், "ரசத்துல முக்கி எடுத்திருக்கா" என்று சொல்லிக் கீழே வைத்தார். வெயிலில் போட்டோம், உதறினோம், ஒரு டஜனைத் துவைத்துச் சுருங்கவும் வைத்தோம். பரணுக்குப் போகாத பங்குனி மாதத்து இருபது மட்டும் விற்றன.

வைகாசிக்குள் பணம் கட்டாவிட்டால் சங்கிலி ஏலத்துக்குப் போகும் என்று கார்டு வந்தது. மீதியைப் பெருமாள்மலைக்குக் கொண்டுபோய், காய்கறி லாரிகளில் மூட்டை ஏற்றுகிறவர்களிடம் பாதி விலைக்குத் தள்ளினோம். வாசனை அவர்களுக்குப் பொருட்டில்லை. ஒருவர் மட்டும், "ஏண்ணே, பூண்டுக்குச் சட்டை தச்சு விக்கிறீகளா?" என்று கேட்டுவிட்டு, இரண்டு வாங்கிக்கொண்டார். வந்த பணம் வட்டி கட்டத்தான் போதுமாக இருந்தது. சங்கிலி ஏலத்துக்குத் தப்பியது; அக்காவின் கழுத்துக்குத் திரும்பவில்லை.

ஆனி பிறந்ததும் மச்சான் மதுரைக்குக் கிளம்பினார். கடனுக்கு நூல் தருகிறார்களாம். இந்தத் தடவை மாதம் பதினைந்து போதுமாம். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா வந்து, பின்னுகிற பெண்கள் இருவரையும் பள்ளங்கியில் பூண்டு நடவுக்கு அனுப்பியாயிற்று என்றாள். மார்கழி வரை தோட்டத்துக் கூலியே அவர்களுக்கு ஓடும், விடுதிப் பக்கம் போவதில்லை என்று பேசி முடித்திருந்தாள்.

"தையில பின்ன வருவாங்க. அதுவரைக்கும் நூலு கடையிலேயே கெடக்கட்டுங்க. எஞ் சங்கிலி மொதல்ல வரட்டும்."

மச்சான் பையைக் கீழே வைத்தார்.

"இத வெள்ளனே சொல்லியிருந்தா பஸ்ஸுக்கு எடம் போட்டிருக்க மாட்டேன்ல மாப்ள" என்று என்னிடம்தான் கோபித்துக்கொண்டார்.