கேட்கப்படாத புதூர்

ஒரு பெண் செத்துப்போனதற்கு நான் காரணம். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, உங்களிடம் சொல்கிறேன்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருஷங்களில் கோவில்பட்டி ரத்ததானச் சங்கமொன்றின் கணினிகளைக் கவனித்துவந்தேன். ரத்தம் கொடுப்பவர்களின் பெயர்களை ஊர்வாரியாகப் பிரித்து, கோவில்பட்டி, இடைசெவல், மணியாச்சி, புதூர் என அந்தந்த ஊரிலேயே நான்கு சர்வர்களில் வைத்திருந்தோம். பெயர் தேடினால், தேடல் பட்டியலில் உள்ள சர்வர்கள் எல்லாம் பதில் சொன்ன பிறகுதான் திரையில் விடை வரும்.

புதூரில் எப்போது பார்த்தாலும் கரண்ட் இருக்காது. அதற்காக மற்ற மூன்றும் காத்துக் கிடக்கும். எனக்கோ பொறுமை கிடையாது! ஒருநாள் எரிச்சலில் புதூரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். அதிலுள்ள பெயர்களை வேறு சர்வருக்கு மாற்றிய பிறகே எடுத்திருக்க வேண்டும்... அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

அந்த வாரமே இடைசெவல் முருகன் ஓடிவந்தார். பிரசவத்தில் அவர் மனைவிக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை, ஓ நெகட்டிவ் வேண்டும். தேடினேன். கண்மூடித் திறப்பதற்குள் விடை வந்தது: யாரும் இல்லை.

"அண்ணாச்சி, இன்னொரு தடவ பாருங்க. ஒங்க காலுல விழுதேன்."

மறுபடி தேடினேன். யாரும் இல்லை. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டாமா? இல்லை என்பது வேறு, கேட்கவே இல்லை என்பது வேறு அல்லவா! சாயங்காலம் அவள் போய்விட்டாள்.

மறுநாள்தான் பதறிப்போய்ப் புதூரைச் சேர்த்துத் தேடினேன். ஆடு மேய்க்கும் சுடலை என்று ஒரு பெயர் வந்தது. போன் செய்தேன்.

"நேத்தா? வீட்டுலதான் கெடந்தேன். எதுக்குக் கேக்குதீய?"

வைத்துவிட்டேன்.

பிறகு அந்த சர்வரையே ஒழித்தேன். பெயர்களை முறையாக மாற்றி, உள்ளிருந்த ஹார்ட் டிஸ்கை என் கையாலேயே உடைத்துப்போட்டேன். ஆனாலும்... சர்வர்களைப் பட்டியலிடச் சொன்னால் புதூர் வருகிறது! எடுக்கிறேன், மீண்டும் வருகிறது. எல்லாவற்றுக்கும் முந்திக்கொண்டு அதுதான் பதில் சொல்கிறது. பட்டப்பகலில், ஆட்கள் நடமாடும் அலுவலகத்தில், எனக்குப் பயமாக இருக்கிறது.

முருகன் அடுத்த வருஷம் வந்தார். "நீங்க அன்னைக்கு ரெண்டு தடவ பாத்தீங்கல்லா அண்ணாச்சி, மறக்க மாட்டேன். எம் பேரையும் ஏத்திருங்க. யாருக்காவது ஆகட்டும்" என்றார்.

ஏற்றினேன். இடைசெவலில் சேர வேண்டிய பெயர். சேமித்த இடம் புதூர் என்று திரை காட்டியது.

"சேந்துட்டா அண்ணாச்சி?"

அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே, சேர்ந்துவிட்டது என்றேன்.