பல் கடிக்கும் சத்தம்

நேற்று மதியம், புருஷன் வீட்டிலிருந்து வந்திருந்த என் மகள் தூக்கத்தில் நறநறவென்று பல்லைக் கடித்தாள். கையிலிருந்த காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். எழுபதுகளில் பரளச்சியில் எங்கள் வீட்டில் கேட்ட அதே சத்தம்.

அப்போது அக்காவுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பருத்தி எடுக்கும் சமயம் வந்தவள், பருத்தி குவிந்துகிடந்த அறையில் மதியம் படுத்துத் தூங்குவாள். விழித்திருக்கும்போது, "அங்க ஒரு கொறையும் இல்லம்மா" என்பாள். தூங்கிவிட்டால் திரிகையில் கேப்பை திரிப்பதுபோல் பல் அரைபடும்.

"வயித்துல பூச்சிடி" என்று அம்மா வேப்பங்கொழுந்தை அரைத்து உருட்டிக் கொடுத்தாள். அக்கா முகம் சுளிக்காமல் விழுங்கினாள். பருத்தி எடுத்து முடிந்ததும் அப்பா அவளை பஸ் ஏற்றிவிட்டார். அடுத்த மழைக்கு முன்பே, புருஷன் ஊர்க் கிணற்றிலிருந்து அவளைப் பிணமாகத்தான் எடுத்தார்கள்.

அதன்பிறகு அம்மா மதியங்களில் தூங்கியதே இல்லை. அந்த வெறும் அறையைப் பார்த்தபடி, "ஏலே, பல்லு கடிக்கிற சத்தம் கேக்குதா?" என்பாள். எனக்கும் கேட்டது.

மகள் விழித்ததும், "அங்க ஒனக்கு எப்படித்தா இருக்கு?" என்றேன்.

"ஒரு கொறையும் இல்லப்பா. பஸ்ஸுக்கு நேரமாச்சு."

அவள் பையை எடுத்து பீரோவில் வைத்துப் பூட்டினேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை.