அக்காவுக்கு மஞ்சக்காமாலை

என் அக்கா மார்பகப் புற்றுநோயில் இறந்தாள். ஊருக்கு அது மஞ்சக்காமாலை. அம்மா ஐம்பத்தோரு வயதில் சினைப்பைப் புற்றுநோயில் போனாள். அதற்கு நான் வைத்த பெயர் 'வயசாயிருச்சு'. மகளுக்கு வரன் பார்க்கத் தொடங்கியபோது செய்த திருத்தங்கள் இவை. ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்கிற கம்பெனியில் சூப்பர்வைசர் நான். மூடி மறைப்பது தொழில்தானே. ஸ்ரீவில்லிபுத்தூர் மாப்பிள்ளை வீட்டார் நம்பினார்கள். கல்யாணம் ஜோராக நடந்தது.

மூன்று வருடமாகக் குழந்தை இல்லை என்று மகளும் மருமகனும் சோதனைக் குழாய் சிகிச்சைக்குப் போனார்கள். கருவை வயிற்றில் வைப்பதற்கு முன்பே அதில் பரம்பரை நோய் இருக்கிறதா என்று பார்க்க முடியுமாம். அதற்கு இரண்டு வீட்டு நோய்க் கதையும் தெரிய வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை சென்னையிலிருந்து ஆலோசகர் அம்மா ஒருவர் வீடியோவில் பேசுவார், நீங்களும் வரணும் என்றாள் மகள்.

அந்த வாரம் ஒரு நாள் குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு என் நெஞ்சைத் தடவிப் பார்த்தேன். வலது பக்கம் கெட்டியாக ஒன்று தட்டுப்பட்டது. யார் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று பட்டியல்கூடப் போட்டுவிட்டேன். இடது பக்கமும் அதே இடத்தில் அதே மாதிரி இருந்தது. விலா எலும்பு. ஐம்பத்து மூன்று வருடமாக அங்கேயேதான் இருந்திருக்கிறது.

எனக்கு நானே ஒரு தைரியமும் சொல்லிக்கொண்டேன். இது பெண்கள் நோய், பெண் வழியில்தான் இறங்கும். நடுவில் மீசையோடு நான் ஒருத்தன் நிற்கிறேன், என்னைத் தாண்டி மகளிடம் எப்படிப் போகும்?

என் மனைவி வர மறுத்துவிட்டாள். பொய்க்குத் துணை நின்றது ஒரு தடவை போதும் என்றாள். நான் மட்டும் பஸ் ஏறினேன்.

மருமகன் லேப்டாப்பை நடுவீட்டில் வைத்திருந்தார். பக்கத்தில் மகள், எதிரே சம்பந்தியம்மா. ஆலோசகர் அம்மா திரையில் ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம் என்று வரைந்துகொண்டே போனார். புற்றுநோய் வந்தவர்களுக்கு மட்டும் கறுப்பு. மருமகன் பக்கம் ஒரு கறுப்புகூட இல்லை. பிறகு என் பக்கம் வந்தார். அக்காவுக்கு என்ன செய்தது என்று கேட்டார்.

"மஞ்சக்காமாலை" என்றேன். வாய்க்குப் பழகிப்போயிருந்தது.

அம்மாவுக்கு 'வயசாயிருச்சு' என்றேன். இரண்டு வட்டமும் வெள்ளையாகவே நின்றன. அப்படியானால் இந்தப் பரிசோதனைக்குத் தேவையே இருக்காது என்றார் அவர். தப்பித்தேன் என்று மூச்சு விட்டபோது மகளைப் பார்த்தேன். அத்தையின் தலைமுடி கொட்டியதைக் கூடவே இருந்து பார்த்தவள் அவள். துப்பட்டாவை இழுத்து நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தாள்.

என்ன மூளையோ எனக்கு! இத்தனை நாளும் பிறக்காத பேரப்பிள்ளையையும் சம்பந்தியம்மாவையும் நினைத்தே நடுங்கியிருக்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகளை நினைக்கவில்லை.

"மேடம், ஆம்பள வழியாவும் இது இறங்குமா?" என்றேன்.

இறங்கும், அப்பாவிடம் அந்த மரபணுக் கோளாறு இருந்தால் பிள்ளைக்கு வரவும் வராமலிருக்கவும் சரிபாதி வாய்ப்பு என்றார். என் மீசையால் ஒரு பிரயோசனமும் இல்லை.

அக்காவுக்கு என்ன, அம்மாவுக்கு என்ன என்று இரண்டையும் சொன்னேன். இரண்டு வட்டமும் கறுப்பாயின. சம்பந்தியம்மா திரையை விட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஏன் அண்ணே எங்ககிட்ட மறைச்சீக?"

"சொல்லியிருந்தா பொண்ணு எடுத்திருப்பீகளா தங்கச்சி?"

"மாட்டோம்" என்றார். யோசிக்கக்கூட இல்லை. கொஞ்சம் பொய் சொல்லியிருக்கலாம். பிறகு அவரே, "அதுக்காக இப்ப கருவுலயே பாத்து ஒதுக்கணும்ங்கியளா? அப்பிடிப் பாத்தா ஒங்க அக்காவே பெறந்திருக்க மாட்டாகளே" என்றார்.

அக்கா மட்டுமா? எனக்கும் அது இருந்தால், நானும் ஒதுக்கின கணக்குத்தான். அக்கா நாற்பத்து நான்கு வருடம் இருந்தாள். அதில் நாற்பது வருடம் என்னை ஓயாமல் கிண்டலடித்தாள். அவள் பிறந்திருக்க வேண்டாம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. கடைசி இரண்டு வருடத்தைப் பார்த்த பிறகு, வேண்டும் என்றும் சொல்ல முடியவில்லை.

மகள்தான் மாமியாரைப் பார்த்துப் பேசினாள். "அத்த, கருவுக்குப் பாக்குறதா வேண்டாமானு பொறவு நாங்க முடிவு பண்ணிக்கிறோம். மொதல்ல எனக்கு இருக்கானு தெரியணும். அதுக்கு அப்பா ரத்தம் வேணும். அப்பாவுக்கு இல்லனா எனக்கும் வந்திருக்காது."

செவ்வாய்க்கிழமை ராஜபாளையத்து லேபில் ரத்தம் கொடுத்தேன். எந்தக் கையில் எடுக்கட்டும் என்று கேட்ட பெண்ணிடம், உங்க கையிலயே எடுங்களேன் என்றேன். அவள் சிரிக்கவில்லை. முடிவை யாருக்கு அனுப்ப வேண்டும் என்று ஒரு தாளை நீட்டினாள். என் நம்பரை எழுதத் தொடங்கி, நான்காவது எண்ணில் நிறுத்தி, அடித்தேன். கீழே மகளின் நம்பரை எழுதினேன். எழுத்து கோணல்மாணலாக விழுந்தது. ஒவ்வொரு எண்ணாக வாசித்துக் காட்டச் சொன்னாள் அந்த லேப் பெண், வாசித்துக் காட்டினேன்.