பதினாறாவது நட்

செபமாலைமுத்து யாழ்ப்பாணம் குருநகரில் மீன்பிடி வள்ளங்களின் எஞ்சின் திருத்தியவர். எண்பத்தைந்தில் லண்டனுக்கு வந்து, ஃபாரஸ்ட் கேட்டில் ரயில் பாதை வளைவுக்குக் கீழே இருந்த ஒரு கராஜில் வேலைக்குச் சேர்ந்தார். ஆறு மாதத்தில் கூப்பிடுகிறேன் என்று மனைவி பெர்னடெற்றிடம் சொல்லிவிட்டு வந்திருந்தார். அவளை அழைக்க அனுமதி கேட்டுக் குரோய்டன் குடிவரவு அலுவலகத்துக்கு எத்தனை தரம் போனார் என்பது அவருக்கே மறந்துபோயிற்று.

எண்பத்தொன்பது கார்த்திகையில், கராஜின் வாடிக்கையாளரான டாக்டர் நரசிம்மன் ஒரு காரை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தார். 1970ஆம் ஆண்டு பிளிமத் ஹெமி கூடா. டயர் நான்கும் சப்பை. கதவடியில் துரு.

"டெட்ராய்ட்ல படிக்கும்போது ஷோரூம் கண்ணாடிக்கு வெளியே நின்னு பார்த்தது, முத்து. இந்த எஞ்சினோட சில நூறு கார்தான் செஞ்சாங்க. ஓடுமா?"

"பேரிலேயே கூடா எண்டு கிடக்கு, டொக்டர். பாப்பம்."

டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து முத்து பார்த்தது அன்று மட்டும்தான்.

எஞ்சினைக் கழற்றிய முத்து அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். ஏழு லிட்டர். இரண்டு வரிசையாகச் சாய்ந்து நிற்கும் எட்டு சிலிண்டர்கள். ஒவ்வொன்றின் தலையும் உள்ளே அரைக்கோளமாகக் குடையப்பட்டிருந்தது. ஹெமி என்ற பெயர் அதனால் வந்தது. ஸ்பார்க் பிளக்குகள் பக்கவாட்டில் இல்லாமல் வால்வு மூடியின் நடுவே குத்தி நின்றன. மேலே, நான்கு வாய் கொண்ட கார்புரேட்டர்கள் இரண்டு. காற்று இழுக்கும் மூக்கு அவற்றின் மேலேயே பூட்டப்பட்டு, பானட்டில் வெட்டிய ஓட்டை வழியாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. எஞ்சின் ஓடினால் அதுவும் சேர்ந்து ஆடும் என்று டாக்டர் சொன்னார்.

உதிரிப்பாகங்கள் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்தன. ஒன்று வந்தால் மற்றது வர நாலு மாதம். இரண்டரை வருடம் அப்படியே போயிற்று. பெர்னடெற்றுக்கு எழுத வேறு விசேஷம் இல்லாததால் முத்து எஞ்சினைப் பற்றி எழுதினார். பிஸ்டன் வந்தது, வால்வு வந்தது, கிராங்க் வந்தது.

தொண்ணூற்றிரண்டு பங்குனியில், எஞ்சினின் அடிப்பாகத்தை மூடும் நாளன்று, காலையில் வந்த கடிதம் அவருடைய சட்டைப் பைக்குள் கிடந்தது. பிஸ்டனைச் சுழல் அச்சான கிராங்கோடு பிணைக்கும் தண்டுகள் எட்டு. ஒவ்வொன்றுக்கும் இரண்டு நட். அளவு பார்த்து இறுக்கி, இறுக்கியதில் மஞ்சள் பெயின்ட் ஒரு பொட்டு வைப்பது அவர் வழக்கம். பாதி வேலையில் தேநீருக்கு உட்கார்ந்து கடிதத்தைப் பிரித்தார்.

'உங்கடை கடிதம் முழுக்கக் கார்தான் இருக்கு. ஏழு வருசம் காத்திருந்தது காணும். நான் இனி வரமாட்டன். எழுதாதேங்கோ.'

அவ்வளவுதான். முத்து கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு வந்து மிச்ச வேலையைப் பார்த்தார். யாரிடமும் சொல்லவில்லை.

வைகாசியில் ஒரு ஞாயிறு காலை எஞ்சின் ஓடியது. வளைவு முழுவதும் அதிர்ந்தது. பானட்டில் அந்த மூக்கு இடமும் வலமுமாக உதறியது. டாக்டர் சாவியை நீட்டினார்.

"மொதல்ல நீங்கதான் ஓட்டணும்."

"உங்கடை கார், டொக்டர்."

"பண்ணினது நீங்க. நான் திரும்பி வரும்போது ஓட்டறேன்."

வான்ஸ்டெட் தாண்டித் தெரு வெறிச்சோடிக் கிடந்தது. டாக்டர் பக்கத்தில் இருக்க, முத்து ஆக்சிலரேட்டரில் காலை அழுத்தினார். கார்புரேட்டர்களின் எட்டு வாயும் திறந்துகொண்டன; முதுகு இருக்கையில் ஒட்டியது. அடியில் டக், டக் என்று ஒரு தட்டல். காலை எடுக்குமுன் சம்மட்டியால் அடித்ததுபோல ஒரு சத்தம். தெருவெல்லாம் எண்ணெய். டாக்டர் இறங்கி, புகை போகிற திசையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கட்டி இழுத்து வந்து திறந்தார்கள். ஒரு தண்டு கழன்று, எஞ்சின் சுவரில் உள்ளங்கை அளவு ஓட்டை போட்டிருந்தது. எண்ணெய்த் தொட்டியில் ஒரு நட் கிடந்தது. அதன் திருகுப்புரி கொஞ்சமும் கெடவில்லை. மஞ்சள் பொட்டும் இல்லை.

செவ்வாயன்று டாக்டர் வந்தபோது முத்து அதை அவர் கையில் வைத்தார்.

"பழைய இரும்பு, உடைஞ்சு போச்சு எண்டு சொல்லலாம். அது பொய். நான் இறுக்கேல்லை, டொக்டர்."

"எப்படி?"

"அண்டைக்கு மனிசியின்ரை கடிதம் வந்தது."

டாக்டர் நட்டை விரலால் உருட்டினார். "வேற எஞ்சின் பிளாக் கிடைக்குமா?"

"இந்தக் காருக்கெண்டு நம்பர் அடிச்ச பிளாக் இது. வேறை போட்டா ஓடும். ஆனா இந்தக் கார் இல்லை."

"இன்னொரு தடவை காத்திருக்க என்னால முடியாது, முத்து."

அவர் ஏசியிருந்தால் முத்து தாங்கியிருப்பார். கோபமே இல்லாமல் சொல்லிவிட்டுப் போனார். அவர் அந்தக் காரை ஒரு முறைகூட ஓட்டவில்லை. ஒல்லாந்துக்காரர் ஒருவர் வந்து உடலை மட்டும் வாங்கிக்கொண்டு போனார்.

கராஜ்காரர் வேலையில் நிற்கச் சொன்னார். "ஏலாது" என்று முத்து விலகினார். ஸ்பானரைத் தொட்டால் இறுக்கியதையே திரும்பத் திரும்ப இறுக்க வேண்டியிருந்தது. ஒரு பிரேக் வேலைக்கு முழுநாள் போயிற்று. பெர்னடெற்றுக்குக் காரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாமல் மூன்று கடிதம் போட்டார். பதில் வரவில்லை. தொண்ணூற்றைந்து ஐப்பசியில் போரால் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தது. அதற்குப் பிறகு அந்த விலாசத்துக்கு எழுத ஆளும் இல்லை. வன்னியிலிருந்து வந்தவர்களிடம் விசாரித்துப் பார்த்தார். ஒருவருக்கும் தெரியவில்லை.

பிறகு ஒரு பெற்றோல் நிலையத்தில், கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து சில்லறை கொடுக்கிற வேலை. தொண்ணூற்றெட்டில் ஒரு காலை, வெளியே ஒரு வயதான பெண்ணின் கார் ஸ்டார்ட் ஆகாமல் இருமியது. பிளக்கில் ஈரம் என்று சத்தத்திலேயே அவருக்குத் தெரிந்தது. அவள் உள்ளே வந்து, கொஞ்சம் பார்க்க முடியுமா என்று கேட்டாள்.

"எனக்குக் கார் வேலை தெரியாது, அம்மா" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, பக்கத்துத் தெருக் கராஜின் நம்பரைத் துண்டில் எழுதிக் கொடுத்தார்.