தண்ணீர் டிரம்மில் எங்கள் கல்யாணப் படம்

2024 ஜூன் 8, இரண்டாம் சனிக்கிழமை. அலுவலகம் விடுமுறை. மாரிகுப்பம் ஸ்டேஷனில் பெங்களூர் ரயிலைப் பிடிக்க ஓட வேண்டியதில்லை. ஐந்தே காலுக்கு எழுந்தேன். ஆறுக்குக் காபி, ஆறரைக்கு வாசல் பெருக்கல், எட்டுக்கு இட்லி. ஒன்பதுக்குச் சோதனை.

போன மழையில் எங்கள் குவார்ட்டர்ஸின் தகரக் கூரை ஒழுகிக் கல்யாண ஆல்பம் பாழானது. மிஞ்சியது தங்கையின் போனில் இருந்த ஒரே ஒரு படம்: நான் வெள்ளைப் புடவையில், என் கணவர் சிவப்பு டையில். 23ஆம் தேதி எங்கள் இருபத்தைந்தாவது கல்யாண நாள். சர்ச்சில் ஆராதனை முடிந்து எல்லோரும் வீட்டுக்கு வருவார்கள். அதற்குள் அந்தப் படம் சுவரில் இருக்க வேண்டும். இந்த முறை மழைக்கு அழியவும் கூடாது.

பிள்ளைகளின் படங்களும் போனிலேயே கிடப்பதால், வீட்டிலேயே ஒரு பிரிண்டர் வாங்கிவிடலாம் என்று முடிவு செய்தோம். பெங்களூர் கடைக்காரர் எங்கள் கைக்கு அடக்கமான விலையில் இரண்டைக் காட்டினார். ஒன்றில் டை மை. தண்ணீரில் கரைத்த சாயம், நிறம் பளிச்சென்று வரும். மற்றதில் பிக்மென்ட் மை. நுண்ணிய தூள், நிறம் கொஞ்சம் அடங்கினாலும் ஈரம் தாங்கும் என்றார். இரண்டிலும் எங்கள் படத்தை மாதிரிக்கு எடுத்துக் கொடுத்தார்.

என் கணவருக்கு டை மைதான் பிடித்தது. "இதுல ஜம்முனு இருக்கேன். அதுல நைட் ஷிப்ட் முடிச்சு வந்தவன் மாதிரி இருக்கேன்."

சொல்லை நம்பி நான் எதையும் வாங்குவதில்லை. டை மைப் படத்தின் பின்னால் 1, பிக்மென்ட் படத்தின் பின்னால் 2 என்று பென்சிலால் எழுதி, சுருட்டி, ஒவ்வொன்றையும் ஒரு டம்ளர் தண்ணீரில் நிறுத்தினேன். ஒரு மணி நேரக் கணக்கு. இருபதாவது நிமிடம் தெருவில் "தண்ணி வருது" என்று குரல் கேட்டது. எட்டு நாளுக்குப் பிறகு வருகிற தண்ணீர். குடங்களோடு ஓடினேன். நான் பிடிக்கப் பிடிக்க அவர் உள்ளே கொண்டுபோனார்.

திரும்பி வந்தால் டம்ளர்களில் புதுத் தண்ணீர் பளபளத்தது.

"ஏங்க, இதுல இருந்த படம் எங்க?"

"படமா? பழைய தண்ணிய எல்லாம் டிரம்ல ஊத்திட்டேன்."

தண்ணீர் வருகிற நாளில் எங்கள் பக்கம் எந்த வீட்டிலும் அப்படித்தான். பழைய தண்ணீர் எல்லாம் குளிக்கிற டிரம்முக்குப் போகும். ஒரு பாத்திரமும் சும்மா நிற்காது. அவர் டார்ச் அடிக்க, நான் கரண்டியால் துழாவினேன். தண்ணீர் பிடிக்க ரப்பர் டியூப் கேட்டு வந்த பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள்.

"இன்னாக்கா, மீன் புடிக்கிறீங்களா?"

"எங்க கல்யாணத்தைத் தேடறோம்," என்றேன்.

அவள் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அது எனக்கும் தொற்றி, கரண்டி டிரம்முக்குள் போயிற்று. கடைசியில் அவர்தான் தோள் வரை கையை விட்டு எடுத்தார்.

முதலில் வந்தது 1. அவர் கழுத்து டையின் சிவப்பு என் புடவை முழுக்க பீட்ரூட் சாறாகப் பரவியிருந்தது. அவர் முகமே இல்லை.

"ஜம்முனு இருந்தீங்களே," என்றேன்.

அடுத்து 2. இரண்டு முகங்களும் அப்படியே இருந்தன. துண்டால் ஒற்றினேன், துண்டில் ஒரு பொட்டு நிறம்கூட ஏறவில்லை. நீர்ப்பட்ட நேரம் ஒரு மணி ஐந்து நிமிடம் என்று குறித்துக்கொண்டேன்.

"நைட் ஷிப்ட்டே இருக்கட்டும்," என்றார் அவர். பக்கத்து வீட்டுக்காரிக்கு ஒன்றும் புரியவில்லை; இருந்தும் மறுபடி சிரித்தாள். மூவருமாகச் சிரித்து முடிப்பதற்குள் தெருக்குழாய் நின்றுவிட்டது.

மறுநாள் எழுந்ததும், காபிக்கும் முன்னால், கடைக்காரருக்குச் செய்தி அனுப்பினேன்: பிக்மென்ட் பிரிண்டரை எடுத்து வையுங்கள், திங்கள் மாலை வந்து வாங்கிக்கொள்கிறேன்.